நாற்பது பேரின் கொப்பி

இல. 27, மாநகர சபைக் குடியிருப்பு,
கண்டி.
14.01.2024

அன்புள்ள மருமகன் சுதேஷுக்கு,

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது, மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மறுக்கின்றன. இந்த ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. நான் சுகம். பினாங்கில் நீ சுகமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் மாமா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். வாசிகசாலை மண்டபத்தில் புஷ்பம் டீச்சர் வயதானவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் வகுப்பு நடத்துகிறார். எட்டு மாதம் போனேன். எழுபத்தோரு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது.

முப்பத்தாறு வருடம் மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பதித்தேன். சம்பளத்துக்கும் கைநாட்டு, லீவுக்கும் கைநாட்டு, கலியாணப் பதிவுக்கும் கைநாட்டு. போன வாரம் பென்சன் கந்தோரில் கிளாக்கர் வழக்கம்போல மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். “பேனையைத் தாங்க ஐயா” என்றேன். கந்தோரே திரும்பிப் பார்த்தது. பெயரை முழுதாக எழுதினேன். எனக்குப் பின்னால் நின்றவர், “என்னங்க, காணி உறுதிப் பத்திரமா எழுதுறீங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவசரப்படவில்லை.

உன் அம்மாவைப் பார்க்கக் கம்பளைக்குப் போய் வந்தேன். பிரஷருக்கு மாத்திரை போடுகிறாள், மாதாமாதம் கிளினிக் போகிறாள். “அவன் போனுக்குள்ள என்னமோ செஞ்சு விக்கிறான் அண்ணே” என்கிறாள் உன்னைப் பற்றி. போனுக்குள் என்ன விற்பது? எனக்கு விளங்க எழுது. போனில் சொல்லாதே. போனில் சொன்னதைத் திரும்ப வாசிக்க முடியாது.

உன் மாமா,
மு. இராமநாதன்


பினாங்கு
03.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் காட்டினேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கேட்டதைச் சொல்கிறேன். ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடையில் என்னைப் போன்றவர்கள் செய்த ஆப்புகள் இருக்கும். சிலது இலவசம், சிலதுக்குக் காசு. நான் செய்வது காசுக்கு விற்பது. ஒரே சாமானுக்கு நாட்டுக்கு நாடு விலை வைக்கலாம். நோர்வேயில் ஒரு சாப்பாட்டு விலை, நம் நாட்டில் ஒரு பணிஸ் விலை. கப்பலும் வேண்டாம், சாமான் அடுக்கக் கிட்டங்கியும் வேண்டாம்.

இப்போது செய்வதற்கு ‘விரல்நாடி’ என்று பெயர். போனின் கெமராவில் பெருவிரலை வைத்தால் பிரஷர் எவ்வளவு என்று சொல்லும். அம்மாவை நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் அது சரியாகச் சொல்ல, முதலில் உண்மையான ஆட்களைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி வேண்டும் மாமா.

நண்பன் சதீஸ் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு போனும், கையில் பட்டி கட்டி அளக்கிற மெஷினும், ஒரு கொப்பியும் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் குடியிருப்பில் நாற்பது பேர், பதினான்கு நாள், காலையும் மாலையும். ஒவ்வொருவரும் போனில் விரல் வைக்க வேண்டும். உடனே மெஷினால் அளந்து, வரும் எண்ணை நீங்கள் கொப்பியில் எழுத வேண்டும். யாராவது வராவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலேயே கிடைத்துவிட்டார்.

அன்புடன்,
சுதேஷ்


கண்டி
10.03.2024

அன்புள்ள மருமகன் சுதேஷுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? கொப்பியையும் போனையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபால் கந்தோரில் முகவரியை நானே எழுதினேன்.

முதல் நாள் நம் வாசலில் திருவிழாதான். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பக்கத்து வீட்டு அழகம்மா கையை நீட்டிக்கொண்டு, “இராமநாதண்ணே, இந்தப் பட்டிய இந்த இறுக்கு இறுக்குறீங்களே, பிரஷர் இல்லாதவளுக்கும் வந்துருமே” என்றாள். அவள் புருசன் மாணிக்கத்துக்கு மெஷின் 174 காட்டியது. மனுசன் முகம் கறுத்துப்போய்விட்டது. மறுநாள் அவன் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்களை நான் எத்தனை நாளைக்குப் பிடித்து இழுப்பது?

ஆனாலும் கொப்பியைப் பார். நாற்பது பெயர், பதினான்கு நாள், ஒரு நாளைக்கு இரண்டு. ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. எண்களை எழுத எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எட்டு எழுதும்போது பேனை சுற்றி வருவது ஒரு சுகம். மத்தியானங்களில் கதிரையைப் பலா மரத்தடிக்கு இழுத்துப்போட்டு எழுதினேன்.

எங்கள் காலத்தில் செக்ரோல் என்று ஒன்று இருந்தது. வேலைக்கு வந்தவன் தன் பெயருக்கு நேரே பெருவிரல் வைக்க வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் நாங்கள் யாராவது அவன் பெயருக்கும் விரல் வைத்துவிடுவோம். நானே எத்தனை பேருக்கு வைத்திருக்கிறேன். ஒருவன் பெயருக்கு நேரே வெறுமையாக விடுவது என்றால் இன்றைக்கும் என் கை ஒத்துக்கொள்ளாது.

கொப்பி கிடைத்ததும் எழுது.

உன் மாமா,
மு. இராமநாதன்


பினாங்கு
20.05.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். நலமா? வேலை தலைக்கு மேல் இருந்தது. ‘விரல்நாடி’ கடைக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் பதினொரு நாடுகள்.

எல்லாம் உங்கள் கொப்பியால்தான். வேறு இரண்டு இடங்களில் வாங்கிய எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, பாதிக் கட்டங்கள் வெறுமை. உங்களுடையது ஆற்றொழுக்காக இருந்தது. மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு உங்கள் கொப்பியை மட்டுமே காட்டி ஆப்பைப் பழக்கினேன். கடையில் ஆப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘கண்டியில் நாற்பது பேரிடம் சோதிக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறேன்.

இன்னொரு விடயம். காசுக்கு விற்பவர் தன் பெயரையும் முகவரியையும் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஐரோப்பியப் பக்கத்தில் சட்டம் இருக்கிறது. நான் அறை மாறிக்கொண்டே இருப்பவன். அதனால் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்தேன். போன மாதம் நான் போனில் கேட்டு நீங்கள் அனுப்பிய அடையாள அட்டைப் படம் உதவியது. நோர்வேயில் ஒருவர் போனைத் திறந்தால் உங்கள் பெயர் தெரியும் மாமா.

அம்மாவின் போனிலும் போட வைத்தேன். தினமும் 126, 128 என்றுதான் காட்டுகிறதாம். இனி விடியற்காலையில் எழுந்து கிளினிக் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று சந்தோசப்படுகிறார்.

அன்புடன்,
சுதேஷ்


கண்டி
16.06.2024

அன்புள்ள மருமகன் சுதேஷுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

புஷ்பம் டீச்சர் தன் போனில் என் பெயரைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. இது மு, இது ரா என்று விரலால் தொட்டுக் காட்டினார். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். சந்தோசமாகத்தான் இருந்தது.

போன வாரம் கம்பளைக்குப் போனேன். உன் அம்மா படி ஏறி வந்து மூச்சு வாங்கினாள். “தலை சுத்துதா சுந்தரி?” என்று கேட்டேன். “லேசா. ஆனா போன்ல பாத்தேன், 126தான் அண்ணே” என்றாள். என் முன்னாலேயே விரலை வைத்துக் காட்டினாள். 126. நானும் வைத்தேன். 126. எதிர்வீட்டுப் பிள்ளை விளையாட்டுக்கு வைத்தது. அதற்கும் 126தான்.

கிளினிக்கை விட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் நீயும் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால், “பெத்த மகன் செஞ்சத நம்பாம இருக்கச் சொல்றீங்களா?” என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். கொப்பியில் எங்காவது பிழை இருந்தால், விற்ற பிறகும் அதைத் திருத்தலாமா? சும்மா கேட்கிறேன். வயதான கண், ஏதாவது மாறி எழுதியிருக்கலாம்.

உன் மாமா,
மு. இராமநாதன்


பேர்கன், நோர்வே
02.09.2024

மதிப்பிற்குரிய இராமநாதன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் பெயர் சஞ்சீவனி. சிறு வயதில் பருத்தித்துறையிலிருந்து இங்கு வந்தோம். உங்கள் ‘விரல்நாடி’யை என் அப்பாவுக்காக வாங்கினேன். ஆப்பின் மின்னஞ்சலுக்கு இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் ஒரே நன்றிக் கடிதம் தானாக வந்தது. அதனால் அதில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இங்குள்ள வைத்தியரோடு கதைக்க அவருக்கு மொழி வராது, என்னையும் கூட்டிக்கொண்டு போகக் கூச்சப்படுவார். கண்டியில் நாற்பது பேரிடம் பார்த்தது என்று வாசித்துச் சொன்னேன். “அப்ப அது எங்கட ஆக்களின்ர உடம்ப வச்சுப் பாத்தது, அதுதான் சரியாச் சொல்லும்” என்றார். ஒவ்வொரு நாளும் நல்ல எண்தான் வருகிறது. ஆகவே மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நான் ஏசினால், “உந்த மாத்திரை வெள்ளைக்காரனுக்கு அளந்தது” என்கிறார். ஆனால் இரண்டு கிழமையாக அவருடைய இடது கை விறைக்கிறது.

குறைத்தது சரியா ஐயா? நீங்கள் அளந்து பார்த்த அந்த நாற்பது பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்? உங்கள் ஒரு வார்த்தையை அவர் கேட்பார். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சஞ்சீவனி


பினாங்கு
12.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? உங்கள் ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. இப்போது முப்பத்து நான்கு நாடுகள். விலையையும் கூட்டிவிட்டேன், ஆனாலும் வாங்குகிறார்கள்.

பிழை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றிரண்டு எண் மாறியிருந்தால் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்.

நல்ல செய்தி. ஒரு பெரிய கம்பனி ‘விரல்நாடி’யை வாங்கக் கேட்கிறது. சோதனை உண்மையாக நடந்ததற்கு ஒரு கடதாசி வேண்டுமாம். இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் நீங்கள் சொல்வதாக எழுதியிருப்பது இவ்வளவுதான்: நாற்பது பேரையும் பதினான்கு நாளும் நானே நேரில் அளந்து எழுதினேன். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவருடைய சாட்சி முத்திரையோடு, அடியில் இருக்கும் கம்பனி முகவரிக்கே நேராக அனுப்பிவிடுங்கள். கைநாட்டு செல்லாது, கையெழுத்துத்தான் வேண்டும். நல்லவேளை, உங்களுக்கு அது இப்போது இருக்கிறது.

அன்புடன்,
சுதேஷ்


கண்டி
24.11.2024

அன்புள்ள மருமகன் சுதேஷுக்கு,

அம்மா ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதை நீ போனில் கேட்டிருப்பாய். போனில் அவள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

பதினெட்டாம் திகதி காலையில், நான் அவள் வீட்டில் நின்றபோது, அவளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்தது. த்ரீவீலில் போட்டுக் கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் பட்டி கட்டி அளந்தார். 212க்கு 118. உன் அம்மா அந்த நிலையிலும் போனை எடுத்து விரலை வைத்து நர்ஸிடம் நீட்டினாள். 128. நர்ஸ் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதையா இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டிருந்தீங்க? யார் குடுத்தது?” என்று கேட்டார். நான் போனை வாங்கி என் சட்டைப்பைக்குள் போட்டேன். உன் அம்மா இடது காலை இன்னும் இழுத்துத்தான் நடக்கிறாள்.

இதைச் சொல்ல உனக்கு மூன்று முறை போன் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தாளில்தான் சொல்ல வருகிறது.

நான்காம் நாளிலிருந்து ஆட்கள் வரவில்லை சுதேஷ். அழகம்மாவும் இன்னும் பத்துப் பேரும் மட்டும் கடைசிவரை வந்தார்கள். மற்ற இருபத்தொன்பது பேர் பெயருக்கும் நான்தான் போனில் விரல் வைத்தேன். காலையில் இருபத்தொன்பது தடவை, மாலையில் இருபத்தொன்பது தடவை, என் பெருவிரலை. மெஷின் எண்ணையும் நானே யோசித்து எழுதினேன். ஒருவருக்கு 128 என்றால் மறுநாள் 126, பிறகு 130. அதிகமாக எழுத மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு நோய் வருத்தம் என்று என் கையால் எப்படி எழுதுவேன்? மாணிக்கத்தின் 174ஐக்கூட வெட்டிவிட்டு 130 என்று எழுதினேன். எல்லோரையும் சுகமாக எழுதினேன். நல்லது செய்வதாக நினைத்தேன்.

உன் ஆப்புக்குத் தெரிந்தது என் ஒரு விரல்தான். அதனால் யார் வைத்தாலும் சுகம் என்கிறது.

விற்பதை நிறுத்து. வாங்கியவர்களுக்கு எல்லாம் சொல். பழியை என் பெயரில் போடு, அது உண்மைதானே. நீ அனுப்பிய கடதாசியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நோர்வேயிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அவளுடைய அப்பா மாத்திரையைக் குறைத்துவிட்டாராம். அந்தக் கடிதத்தை இன்னும் நான் அலுமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

உன் மாமா,
மு. இராமநாதன்


பினாங்கு
15.12.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவை வத்தேகமவில் இருக்கும் நல்ல வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். போனில் பதிவானதில் முக்கால்வாசிப் பேருடைய துடிப்பு ஒன்றுபோல் இருந்தது. அதைப் பற்றி நான் அப்போது கேட்கவில்லை. நீங்கள் இப்போது சொல்லவும் வேண்டாம். இப்போது நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கம்பனி வாங்கிய பிறகு அவர்களே திருத்திக்கொள்வார்கள். ‘இது மருத்துவத்துக்கு அல்ல’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறேன்.

வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதாதீர்கள். யாரும் தேடி வந்தால் உங்கள் முகவரிக்குத்தான் வருவார்கள், அதையும் யோசியுங்கள். கடதாசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இனிமேல் எழுத வேண்டாம். போனில் பேசுவோம்.

சுதேஷ்


கண்டி
05.01.2025

அன்புள்ள மகள் சஞ்சீவனிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாளும் பதில் எழுதாமல் இருந்தது என் குற்றம். அப்பா எப்படி இருக்கிறார்?

முதலில் இதை வாசியுங்கள். அப்பாவை உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையை வைத்தியர் சொன்ன அளவுக்கே போடச் சொல்லுங்கள். ‘விரல்நாடி’ சொல்வதை நம்ப வேண்டாம். அதைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நாற்பது பேர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாற்பது பேர் இல்லை மகள். பதினொரு பேர்தான். மற்றவர்களுக்குப் பதிலாக என் பெருவிரலை வைத்தேன், எண்களையும் நானே எழுதினேன். எழுதப் பழகிய புதிது. கட்டத்தை வெறுமையாக விடத் தெரியவில்லை. உங்கள் அப்பா பார்ப்பது அவருடைய இரத்தத்தை இல்லை. எழுபத்தோரு வயதில் நான் பலா மரத்தடியில் இருந்து எழுதிய எண்களை.

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. ‘விறைக்கிறது’ என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். என் தங்கைக்கு அப்போது ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இதே ஆப்பை நம்பி அவளுக்கு வாய் இழுத்துக் கால் விழுந்த பிறகும், ஒரு மாதத்துக்கு மேல் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். இதைச் செய்து விற்கும் என் மருமகன் நிறுத்திவிடுவான், நான் எழுதத் தேவை இருக்காது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னால் மொழி தெரிந்தவர்களைப்போல அழகாக மன்னிப்புக் கேட்க முடியாது. அப்பாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். நம் ஆட்களின் உடம்பு என்று அவர் நம்பினாராம். பொய் சொன்ன நானும் நம் ஆள்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். ஒரு கடிதம் வழியில் தவறிப்போகலாம்.

மு. இராமநாதன்


கண்டி
23.03.2025

அன்புள்ள மகள் சஞ்சீவனிக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இது பன்னிரண்டாவது கடிதம். தபால்காரர் இப்போது என்னைத் தூரத்தில் கண்டதுமே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார், நான் வாசல்வரை வராமல் இருக்கட்டும் என்று.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மருமகன் அனுப்பிய ஆங்கிலக் கடதாசியில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகத் தமிழில் இரண்டு பக்கம் உண்மையை எழுதி, சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பெரியவர், இத அனுப்பினா ஒங்களயேதான் பிடிப்பாங்க” என்றார். “வேற யாரப் பிடிக்கிறது ஐயா?” என்று கேட்டேன். முத்திரை குத்தித் தந்தார். கம்பனியின் முகவரிக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு வரியும் வரவில்லை.

போன செவ்வாய் புஷ்பம் டீச்சரிடம் அந்த ஆப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இன்னும் விற்கிறார்கள். ‘நாற்பது பேரிடம்’ என்று இருந்ததை ‘நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம்’ என்று மாற்றியிருக்கிறார்கள். நாடுகளும் கூடியிருக்கின்றன. என் பெயரும் முகவரியும் அதில் இல்லை. அந்த இடத்தில் என் தங்கை சுந்தரியின் பெயர் இருக்கிறது.

அன்றைக்கே கம்பளைக்குப் போனேன். காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“எதுல கையெழுத்துப் போட்ட சுந்தரி?”

“மகன் அனுப்பினான், போட்டேன். அவன் எல்லாத்தையும் திருத்திட்டானாம் அண்ணே. நீங்க வயசான காலத்துல பேசாம இருங்க.”

“திருத்திட்டான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் போனை எடுத்துப் பெருவிரலை வைத்துக் காட்டினாள். 128.

இனி என் வாசலுக்கு யாருடைய கடிதமும் வராது. எந்த ஊரில் யார் மாத்திரையைக் குறைக்கிறார் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. என்னிடம் இருப்பது உங்கள் ஒரு முகவரிதான்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள் மகள். கோபமாக எழுதினாலும் சரி. நான் எதற்குப் பயப்படுகிறேனோ அந்த வரியாகவே இருந்தாலும் சரி, நான் வாசிப்பேன். மடித்து வைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டால், அதை வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

மு. இராமநாதன்